24 அடியா, 27 அடியா?



இந்தப் பக்கத்தில் நாம் இதுவரை வாடகைக்கு வீடு எடுப்பது, பழைய கார் வாங்குவது, குளிர்காலச் சப்பாத்து வாங்குவது என்று எழுதி வந்திருக்கிறோம். இம்முறை பழைய பாய்ப்படகு வாங்குவது பற்றி எழுதப்போகிறோம் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். "வாடகைக் காசுக்கே வழியைக் காணேல்லை, இவைக்குப் பாய்ப்படகு கேக்குதாம்" என்று யாரோ ஒருவர் இப்போதே சொல்லிக்கொண்டிருப்பார். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள்.

ஸ்காபரோவில் எமக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்க முடிவு செய்து எம்மிடம் ஆலோசனை கேட்டன. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அத்தான், தம்பி என்றே எழுதுகிறோம். அத்தான் இங்கே வந்து பத்து வருடம். தம்பி, அதாவது அவருடைய மனைவியின் தம்பி, வந்து மூன்று வருடம். இருவர் கையிலும் இருந்தது ஒரு சீட்டு முடிந்து வந்த காசு. எம்மிடம் கேட்டதற்குக் காரணம், எம்மில் ஒருவர் ஏழெட்டு வருடமாக வேறு ஆட்களின் படகுகளில் கயிறு இழுத்தவர் என்பதுதான். சொந்தப் படகு எமக்கும் இல்லை.

படகு யோசனை எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அக்காவினதும் தம்பியினதும் தகப்பனார் மயிலிட்டிக்காரர். 1990 இல் ஊரை விட்டு வெளிக்கிட்டவர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. அதற்குள் 27 வருடம் போய்விட்டது. பிள்ளைகள் கூப்பிட்டு இங்கே வந்த பெரியவர் பேஸ்மன்டில் இருந்து தொலைக்காட்சி பார்ப்பதும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதுமாக இருந்தார். கோடையில் பிறிம்லி வீதி முடிகிற இடத்தில் உள்ள புளஃபேர்ஸ் பார்க்குக்கு எமது சனம் போய்ச் சமைத்துச் சாப்பிடுவது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அவர் சாப்பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கமாகவே கதிரையைத் திருப்பிப் போடுவாராம். ஒருநாள் ஏரியில் போய்க்கொண்டிருந்த ஒரு படகைக் காட்டி, "அந்தப் பாயை இன்னும் கொஞ்சம் இறுக்கவேணும், காத்து வீணாப் போகுது" என்றாராம். மாதக்கணக்கில் வீட்டில் ஆமா, இல்லை என்பதற்கு மேல் கதையாத மனிதர். அன்று பின்னேரம் முழுவதும் காற்றைப் பற்றியே கதைத்தாராம்.

அதன்பிறகு அத்தானும் தம்பியும் விளம்பரங்கள் பார்க்கத் தொடங்கினார்கள். கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஷார்க் 24. மற்றது சீ அன்ட் சீ 27. தம்பிக்கு ஷார்க் வேண்டும். வாரநாட்களில் பின்னேரம் நடக்கும் போட்டிகளில் ஓடலாம் என்பது அவருடைய கனவு. அத்தானுக்கு 27 அடி வேண்டும். இரண்டு குடும்பமும் ஏறி நயகரா வரை போய் ஓரிரவு தங்கி வரலாம் என்பது அவருடைய கனவு. "மூண்டு அடிதானே தம்பி வித்தியாசம்" என்றார் அத்தான்.

இந்த மூன்று அடிக் கணக்கைத்தான் நாம் விரிவாக எழுத விரும்புகிறோம். பழைய படகு வாங்குபவர்கள் முதலில் விழுகிற குழி அதுதான்.

இரண்டு படகும் ஒன்ராறியோ ஏரியின் பிள்ளைகள். எமக்கு நேரே எதிர்க்கரையில் இருக்கும் நயகரா-ஒன்-த-லேக் என்ற சிறு ஊரில் ஜோர்ஜ் ஹின்டர்ஹோலர் என்று ஒரு படகு கட்டுபவர் இருந்தார். அவரும் எம்மைப் போல வந்து குடியேறியவர்தான். 1952 இல் ஒஸ்திரியாவில் இருந்து வந்தவர். இங்கே ஓடிக்கொண்டிருந்த படகுகள் பாரமும் மந்தமுமாக அவருக்குப் பட்டன. 1959 இல் எடை குறைந்த ஒரு படகைத் தானே வரைந்து கட்டினார். அதுதான் ஷார்க். முதலில் ஒட்டுப்பலகையில் வந்து பிறகு பைபர் கிளாசுக்கு மாறியது. 2500 க்கு மேல் கட்டப்பட்டு, அவருடைய சொந்த நாடான ஒஸ்திரியாவின் ஏரிகளிலும் இன்று ஓடுகிறது. 1969 இல் அவருடைய பட்டறையும் கத்பேட்சன், கசியன் என்ற இரு வடிவமைப்பாளர்களின் நிறுவனமும் வேறு இரண்டு பட்டறைகளும் ஒன்றாகி சீ அன்ட் சீ என்ற கம்பனி உருவானது. அதன் 27 அடிப் படகு 1970 இல் வெளிவந்தது. நான்கு பதிப்புகளாகக் கிட்டத்தட்ட ஆயிரம் கட்டினார்கள். 1994 இல் நயகராவில் இருந்த தொழிற்சாலை தீப்பிடித்தது. இன்று எமது கைக்கு எட்டுவதெல்லாம் இந்தப் பழைய படகுகள்தான்.

ஐம்பது வருடப் படகை நம்பி ஏறலாமா என்று கேட்பீர்கள். ஊரில் பலகை வள்ளத்தை உப்பும் வெயிலும் புழுவும் சேர்ந்து அரிக்கும். இங்கே ஏரி நன்னீர், புழு இல்லை. வருடத்தில் பாதி நாள் படகு கரையிலே மூடிக் கிடக்கிறது. பைபர் கிளாஸ் உக்குவதும் இல்லை. கெடுவது வேறு இடத்தில். அதைப் பிறகு சொல்கிறோம்.

இப்போது அந்த மூன்று அடி. ஷார்க் 24 அடி நீளம், ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், 2200 இறாத்தல் பாரம். அதாவது சுமார் ஒரு தொன். மற்றது 27 அடியும் சில அங்குலமும் நீளம், ஒன்பதடிக்கு மேல் அகலம், பாரம் 5000 இறாத்தலுக்கு மேல். நீளத்தில் எட்டில் ஒரு பங்குதான் கூட. பாரத்திலோ இரண்டு மடங்குக்கும் மேல். ஷார்க்கின் பாய் 190 சதுர அடி. மற்றதினுடையது 300 ஐத் தாண்டும். ஊரில் நாம் கண்ட 18 அடிப் பைபர் கிளாஸ் வள்ளத்தையும் பெரிய றோலரையும் நினைத்துப் பாருங்கள். படகு நீளத்தில் மட்டும் வளர்வதில்லை, அகலத்திலும் ஆழத்திலும் சேர்ந்து வளர்கிறது. ஆகவே பாய் பெரிது, கயிறு தடிப்பு, நங்கூரம் பாரம், அடிப்பூச்சு இரண்டு வாளி, எல்லாம் கூட. பழைய படகின் விலையில் இது தெரியாது. நாம் பார்த்த 27 அடிக்காரர் கேட்ட விலை ஷார்க்கின் விலையில் இரண்டு மடங்குகூட இல்லை. அத்தான் அதைப் பார்த்துத்தான் மயங்கினார். விலை ஒருநாள் கொடுப்பது. மற்றவை வருடா வருடம் கொடுப்பவை.

வேகம் எப்படி? பாரமான பாய்ப்படகு ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது அதன் உச்ச வேகத்தை நீளம் தீர்மானிக்கிறது. தண்ணீரில் படிந்திருக்கும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நொட்டில் வரும். ஷார்க்குக்கு அந்த நீளம் 20 அடி. வேகம் ஆறு நொட். மற்றதுக்கு ஆறே காலுக்கும் ஆறரைக்கும் இடையில். இதைக் கேட்டதும் அத்தானின் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. அதோடு, எடை குறைந்த ஷார்க் பின்காற்றில் அலைமேல் ஏறிச் சறுக்கி இந்தக் கணக்கையே மீறிவிடும். ஆனால் எதிர்காற்றில் குறுகலான செங்குத்து அலை வரும்போது, ஒன்ராறியோ ஏரி அப்படிப்பட்ட அலைக்குப் பேர்போனது, பாரமான படகு இடித்துக்கொண்டு போகும். ஷார்க் துள்ளும். உள்ளே இருப்பவர் நனைவார். அடியில் தொங்கும் இரும்பு, ஊரில் ஏரா என்கிற இடத்தில் பூட்டியிருப்பது, ஷார்க்கில் 675 இறாத்தல். மற்றதில் ஈயமாக 2500 இறாத்தல் அளவில். ஆகவே ஷார்க் சாயும்போது ஆட்கள் மேல்விளிம்பில் போய்க் குந்தித் தங்கள் பாரத்தால் நிமிர்த்தவேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இது சரிவராது.

போட்டி என்று பார்த்தால் தம்பியின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஷார்க்குகள் தங்களுக்குள்ளே ஓடும் போட்டிகள் உண்டு. எல்லாம் ஒரே அச்சு. முதலில் வருபவர் முதலாவது. வெவ்வேறு படகுகள் கலந்து ஓடும் போட்டியில் மெதுவான படகுக்கு ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்று சலுகை கொடுத்துக் கணக்குப் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு மைலுக்கு 30 விநாடி என்றால், ஐந்து மைல் போட்டியில் இரண்டரை நிமிடம் பிந்தி வந்த சிறிய படகு பெரியதோடு சமன். எனவே பெரிய படகு வாங்கினால்தான் வெல்லலாம் என்பது வீண் கதை. பாய் புதிதா, அடிப்பக்கம் வழுவழுப்பா, கயிறு பிடிப்பவருக்குக் காற்று விளங்குமா என்பவைதான் வெல்லுவிக்கும். ஷார்க்குக்கு மூன்று பேர் போதும். 27 அடியைப் போட்டியில் ஓட்ட ஐந்து பேர் வேண்டும்.

உல்லாசப் பயணம் என்று பார்த்தால் அத்தானின் பக்கம். இங்கிருந்து நயகரா-ஒன்-த-லேக் நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீற்றர். நல்ல காற்றில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அவ்வளவு நேரம் ஒரு குடும்பம் படகில் இருக்கவேண்டுமென்றால் நிழல் வேண்டும், அடுப்பு வேண்டும், படுக்க இடம் வேண்டும். ஷார்க்கில் நாலு பேர் படுக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். படுக்கலாம்தான், ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, இருந்துகொண்டுதான் உடுப்பு மாற்றவேண்டும். மற்றதில் ஒரு நடுத்தர உயரமான ஆள் நிமிர்ந்து நிற்கலாம். கதவு சாத்தும் கழிவறை இருக்கிறது. ஷார்க்கில் வழக்கமாக இருப்பது தூக்கிக்கொண்டு போய் ஊற்றும் சிறு பெட்டி. இதை நாசூக்காக ஒதுக்கிவிட்டு எழுத எமக்கு மனமில்லை. ஆண்கள் பாய், கயிறு என்று கதைப்பார்கள்; பெண்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். ஒன்ராறியோவில் கழிவை ஏரிக்குள் விடுவது சட்டவிரோதம் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

அக்கா கேட்டது அதற்கும் முதல் கேள்வி. "படகு எண்டா எனக்கு ஓடிவந்த ஞாபகம்தான் வருது. உல்லாசமோ அது?" என்றார். அவர் சிறுபிள்ளையாக மன்னாரில் இருந்து இரவோடு இரவாகக் கடல் கடந்தவர். இந்த நாட்டுக்கு எமது சனத்தின் வருகையே பலர் மனதில் படகோடு சேர்ந்துதான் பதிந்திருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அங்குள்ள மீனவர்கள் கண்டு ஏற்றிவந்தார்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளைகளில் நீந்தத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள். தகப்பனுக்குக் கடல் தொழில். பேரப்பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயம். அக்காவின் கேள்விக்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. பெரியவர் மட்டும், "ஒருக்கால் வந்து பார் பிள்ளை, ஏறவேண்டாம், பார்" என்றார்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் போனோம். இரண்டு படகும் கரையில் இரும்புத் தாங்கிகளில் நின்றன. ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். அக்கா கடைசியில் ஏறினார். 27 அடிக்குள் இறங்கி, நிமிர்ந்து நின்று, கழிவறைக் கதவைத் திறந்து சாத்திப் பார்த்து, "இது பரவாயில்லை" என்றார். அத்தான் எம்மைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். தம்பி பேசாமல் நின்றார்.

பெரியவர் மேல்தட்டில் முழங்காலில் இருந்து விரல் மொளியால் தட்டிக்கொண்டே போனார். நாம் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்குப் பைபர் கிளாசின் உள்வேலை தெரியாது. இந்தப் படகுகளின் மேல்தட்டு இரண்டு பைபர் கிளாஸ் தோலுக்கு நடுவே பால்சா என்னும் பாரமற்ற மரத்தை வைத்துச் செய்தது. கம்பியோ ஆணியோ பூட்டிய துளைவழியே தண்ணீர் உள்ளே போனால் அந்த மரம் ஊறி உக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தட்டினால் நல்ல இடம் டக் என்று கேட்கும், உக்கிய இடம் மொத்தென்று கேட்கும். விளிம்புக் கம்பித் தூண்கள் பூட்டிய இடத்துக்கு வந்ததும் பெரியவர் நிறுத்தி, திரும்பத் திரும்பத் தட்டி, "இது செத்த சத்தம்" என்றார். கைச்சாண் கணக்கில் மூன்று சாண்.

படகு வாங்குபவர் இந்தத் தட்டலோடு நிற்கக்கூடாது. படகு பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிடவேண்டும். பழைய படகுக்கு இன்சூரன்ஸ் கம்பனிகள் பெரும்பாலும் அவருடைய அறிக்கையைக் கேட்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் எந்தத் துறையிலும் இடம் கிடைப்பது கடினம். சர்வேயர் உறைபனி விட்டபிறகு ஏப்ரலில்தான் வருவேன் என்றார். உறைந்த ஈரத்தை அவருடைய ஈரமானி காட்டாதாம். குளிருக்குள் அவசரப்பட்டுப் பரிசோதித்து ஏமாந்தவர்கள் உண்டு. வந்து பார்த்தார். பெரியவர் தட்டிய இடம் ஈரம்தான், இன்னும் ஒரு இடத்திலும் ஈரம். அடியில் ஈயமும் உடலும் சேருமிடத்தின் முன்பக்கத்தில் சிரித்த வாய் போல ஒரு வெடிப்பு. இது இந்தக் கம்பனிப் படகுகளில் அடிக்கடி காண்பது, எப்போதும் பயங்கரமும் அல்ல, ஆனால் போல்ட்டுகளை இறுக்கிப் பூசவேண்டும். உள் எஞ்சின் பெற்றோலில் ஓடும் பழைய அற்றொமிக் ஃபோர். திருத்தத் தெரிந்தவர்களுக்கு நல்ல எஞ்சின். ஆனால் பெற்றோல் ஆவி படகின் அடியில் தேங்கும். ஒவ்வொரு முறையும் காற்றாடியைப் போட்டு ஆவியை வெளியேற்றிய பிறகே ஸ்ரார்ட் பண்ணவேண்டும். மறந்தால் வெடிக்கும்.

ஷார்க்கும் சுத்தத் தங்கம் இல்லை. அடி இரும்பு துருப்பிடித்து இருந்தது, தேய்த்துப் பூசவேண்டும். சுக்கான் தொங்கும் பிணைச்சல்கள் தேய்ந்து ஆடின. பெரிய பாய் பழைய பெட்சீற் போலத் தொய்ந்துவிட்டது. உலாவ உதவும், போட்டிக்கு உதவாது. ஆனால் மேல்தட்டு காய்ந்திருந்தது. எஞ்சின் என்பது பின்னால் கொழுவும் சிறிய வெளி மோட்டர். கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு திருத்தக் கொடுக்கலாம்.

27 அடிக்காரர் அறிக்கையைக் கண்டதும் விலையை நன்றாகக் குறைத்தார். இப்போது இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். அத்தானுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் எமக்கு எடுத்து, "மேல்தட்டை நானே வெட்டித் திருத்தினால் என்ன?" என்றார். திருத்தலாம். கையால் வேலை செய்பவருக்கு முடியாததல்ல. ஆனால் அது ஒரு கோடைகாலத்தைத் தின்னும் வேலை. அவர் கிழமையில் ஆறு நாள், அதுவும் மாறிமாறி வரும் ஷிஃப்ற்றில் வேலை செய்பவர்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல ஆசைப்படுகிறோம். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை 32 அடிப் பாய்ப்படகு ஒன்றில் உலகைச் சுற்றினார். பெரும்பாலும் படகில் இருந்தது இரண்டே பேர். அதே மனிதர் பிறகு எமது வல்வெட்டித்துறைக்கு வந்து, 1930 இல் அங்கே கட்டப்பட்ட 89 அடி நீளமான அன்னபூரணி அம்மாள் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை வாங்கினார். அதுவும் ஒரு பழைய படகு வாங்கிய கதைதானே! 1937 இல் புறப்பட்டு 1938 ஆகஸ்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தது. பெருமையான கதை, ஊரில் சிலை வைத்தாலும் தகும். ஆனால் நாம் கவனிப்பது வேறு. 32 அடிக்கு இரண்டு பேரோடு சமாளித்தவருக்கு 89 அடியை ஓட்ட வல்வெட்டித்துறை மாலுமிகள் வேண்டியிருந்தார்கள். கப்பலை வாங்கலாம், கைகளையும் சேர்த்து வாங்கவேண்டும்.

இதையே பெரியவர் தன்னுடைய பாஷையில் சொன்னார். குடும்பம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருந்து வாதாடிக்கொண்டிருந்தபோது அத்தானைப் பார்த்து, "தம்பி, பெரிசுக்கு நாலு பேர் வேணும். உங்களிலை ஒருத்தன் இரவு வேலை, ஒருத்தன் பகல் வேலை. ஒருநாள் ஒருத்தன் வராட்டி அது கரையிலைதான் கிடக்கும். சின்னன் எண்டா நானும் ஒருத்தனும் போதும்" என்றார். "உங்களுக்கு எழுபத்திரண்டு வயசு மாமா" என்றார் அத்தான். "அதுதான் சின்னன் எண்டு சொல்லுறன்" என்றார் பெரியவர்.

எமது கருத்தும் அதுவே. முதல் படகுக்கு எப்போதும் சிறியதையே சொல்வோம். புதிதாக வந்த குடும்பத்தில் காசை விடப் பஞ்சமானது நேரம். வருடத்தில் மே தொடக்கம் ஒக்ரோபர் நடுப்பகுதி வரைதான் படகு தண்ணீரில் நிற்கும். அந்த ஐந்தரை மாதத்தில் நாற்பது தடவை வெளிக்கிடும் சிறிய படகு, ஐந்து தடவை வெளிக்கிடும் பெரிய படகை விட நல்லது. படகைத் துறையில் நிறுத்துவதற்கு அடிக்கணக்கில் கட்டணம். குளிர்காலத்தில் கரையில் வைப்பதற்கு வேறு. கிளப்பில் சேருவதற்கு ஒரு தொகை, வருடச் சந்தா வேறு. ரொறன்ரோவில் பல கிளப்புகளில் அங்கத்தவர்களே துறை திருத்துவது, படகு தூக்குவது, புல் வெட்டுவது என்று இத்தனை மணித்தியாலம் வேலை செய்யவேண்டும் என்று விதி உண்டு. அப்படிப்பட்டவற்றில் செலவு குறைவு. எமது ஆட்களுக்கு அது பொருந்தும், சிரமதானம் செய்து பழகியவர்கள்தானே. அதற்காக எல்லாக் கிளப்பிலும் முதல்நாளே சிரித்து வரவேற்பார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். சில இடங்களில் கதவடியிலேயே ஏற இறங்கப் பார்ப்பார்கள். அடுத்த கிளப்புக்குப் போங்கள். புளஃபேர்ஸ் பார்க்கில் மட்டும் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

கடதாசி விஷயங்கள் சில. தனியாரிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டர் பூட்டிய படகை ஓட்டுபவரிடம், அது பாய்ப்படகாக இருந்தாலும், ஓட்டுநர் அட்டை இருக்கவேண்டும். பரீட்சை எழுதி எடுப்பது, ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும். படகின் உரிமம் விற்பவரின் பெயரில்தான் இருக்கிறதா, கடன் ஏதும் படகின்மேல் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி சட்டப்படி வேண்டும். வைத்திருந்தால் போதும் என்கிறது சட்டம். உடுத்தியிருக்கவேண்டும் என்கிறோம் நாம். மே மாதத்தில் இந்த ஏரித் தண்ணீரில் விழுந்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் முதல் நிமிடத்தில் மூச்சுத் திணறும். எமது பாக்குநீரிணை அல்ல இது.

காசு போடாமலே தொடங்கலாம் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பின்னேரப் போட்டிகளில் கயிறு பிடிக்க ஆள் போதாமல் தவிக்கும் படகுக்காரர் நிறையப் பேர். துறையடியில் ஒரு மணித்தியாலத்துக்கு முதல் போய் நின்று, ஆள் வேணுமா என்று கேட்டால் ஏற்றுவார்கள். இரண்டு கோடை அப்படி ஓடினால் எந்தப் படகு வேண்டும் என்று உங்களுக்கே விளங்கும். லெஸ்லி வீதி முனைக்கு அருகே வெளித்துறைமுகப் பக்கம் சிறு படகுக் கிளப்புகள் வரிசையாக உள்ளன; அவற்றில் ஒன்றுக்குப் பெயர் சென் ஜேம்ஸ்ரவுண். ஆம், எம்மில் எத்தனையோ பேர் வந்து இறங்கிய அந்த மாடிக் கட்டடங்களின் பெயர்தான்.

அந்தக் குடும்பங்கள் ஷார்க்கை வாங்கின. அக்கா மூன்று நிபந்தனை போட்டிருக்கிறார். பிள்ளைகள் சமூக நிலையத்தில் நீச்சல் வகுப்பு முடிக்கும்வரை படகில் ஏறக்கூடாது. இரவு தங்கும் பயணம் இந்த வருடம் இல்லை. தன்னை ஏறச்சொல்லி எவரும் வற்புறுத்தக்கூடாது. தம்பி போட்டிக்குப் புதுப் பாய் வேண்டும் என்கிறார்; காசு அடுத்த சீட்டில்தான். அத்தானுக்கு மனம் முழுதாக ஆறவில்லை. 27 அடி இன்னும் விற்படவில்லையாம், அந்த வழியால் போகும்போது எட்டிப் பார்க்கிறார். நயகரா வரை போவதென்றால் ஷார்க்கிலும் போகலாம், பலர் போயிருக்கிறார்கள். சோளகம் அடிக்கிற கோடை நாளாகப் பார்த்து விடியற்காலையில் வெளிக்கிடவேண்டும் என்று பெரியவர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். இந்த ஏரியிலும் கோடையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுத்தான் என்பதை அவர் புளஃபேர்ஸ் பார்க் கதிரையில் இருந்தே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

படகு மே மாதம் இறங்கும். அதற்குள் அடிவேலை முடியவேண்டும். ஷார்க்கின் சுக்கான் படகின் பின்னால் தொங்குவது, கழற்றி எடுக்கலாம். பெரியவர் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கராஜுக்குள் இரண்டு வாங்கின்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். அத்தானின் கார் இரண்டு கிழமையாக வெளியே மழையில் நிற்கிறது.